அப்பா கேட்டதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்

கேள்வி: நான் கோவில்பட்டியில் ஒரு சைவக் குடும்பத்தில் பிறந்தவள். இப்போது மதுரையில் ஆசிரியையாக வேலை செய்கிறேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஞானஸ்நானம் பெற்றேன். என் அப்பாவுக்கு 72 வயது. சிறுநீரகங்கள் செயலிழந்து, வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். சனிக்கிழமைகளில் நான் உடன் இருக்கிறேன். அவர் கிறிஸ்துவை அறியாமல் போய்விடுவாரோ என்ற பயம் என்னைத் தூங்கவிடுவதில்லை. தலையணைக்கு அடியில் சுவிசேஷக் கைப்பிரதிகள் வைத்தேன். டயாலிசிஸ் நேரத்தில் செல்போனில் தேவசெய்தி போட்டுக் காட்டினேன். ஒரு தீபாவளியன்று சாமிக்குப் படைத்த பலகாரத் தட்டை அம்மா நீட்டியபோது, "இது விக்கிரகத்துக்குப் படைத்தது" என்று சொல்லி மறுத்தேன், அம்மா அழுதார். சென்ற மாதம் அப்பாவே, "நான் போயிட்டா நீ வந்து நிப்பியாம்மா?" என்று கேட்டார். இதுதான் தருணம் என்று நினைத்து, "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்ற வசனத்தைச் சொன்னேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இனி இப்படிப் பேசுவதானால் வீட்டுக்கு வர வேண்டாம் என்று தம்பி சொல்லிவிட்டான். எங்கள் போதகரோ, சொல்லாமல் விட்டால் அவருடைய இரத்தப்பழி என் கையில் கேட்கப்படும் என்கிறார். நான் என்ன செய்வது?
– ஒரு வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நான்கு பக்கக் கடிதத்தில் (மேலே சுருக்கித் தந்திருக்கிறோம்) உங்கள் முயற்சிகளையும் உங்கள் பயத்தையும் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். அப்பாவின் கேள்வி மட்டும் ஒரே வரியில் வந்து போகிறது. எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

உங்கள் ஊர்ப்பக்கத்தில் ஒரு பெரியவர் தம் மகளிடம் "வந்து நிப்பியா" என்று கேட்டால், ஆத்துமா எங்கே போகும் என்பதையா கேட்கிறார்? தம்மை நடுவீட்டில் கிடத்தியிருக்கும்போது மகள் தலைமாட்டில் உட்கார்ந்து அழுவாளா, அல்லது சபையாரோடு தெருவில் ஒதுங்கி நிற்பாளா என்று கேட்கிறார். வாய்க்கரிசி போடுவாளா, அவள் பிள்ளை நெய்ப்பந்தம் பிடிப்பானா, அவள் விலகி நின்றால் பங்காளிகள் தம் மனைவியையும் மகனையும் என்ன சொல்வார்கள் என்று கேட்கிறார். நீங்கள் ஞானஸ்நானம் பெற்ற நாளிலிருந்து அவர் மனத்தில் இந்தக் கேள்வி இருந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். உடம்பு தளர்ந்த பிறகுதான் வாய்விட்டுக் கேட்டிருக்கிறார். நீங்கள் சொன்ன வசனம் மெய்யானது என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் வருவாயா என்று கேட்டவருக்கு அது வரமாட்டேன் என்றுதான் காதில் விழுந்திருக்கும்.

அந்த வசனம் வரும் யோவான் 11ஆம் அதிகாரத்தையே இன்னொரு முறை பொறுமையாக வாசித்துப் பாருங்கள். மார்த்தாள், மரியாள் என்ற சகோதரிகளின் உடன்பிறந்தவனான லாசரு இறந்து நான்கு நாளாகிறது. மார்த்தாள் ஊருக்கு வெளியே வந்து ஆண்டவர் இயேசுவைச் சந்திக்கிறாள். "நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்று முறையிடுகிறாள். அவரோடு பேச்சு வளர்ந்து, கடைசி நாளில் நடக்கும் உயிர்த்தெழுதலைப் பற்றி அவளே வாய் திறந்த பிறகுதான் அவர் அந்த மகத்தான வார்த்தையைச் சொல்கிறார். சிறிது நேரத்தில் மரியாள் வருகிறாள். அவளும் அதே முறையீட்டைத்தான் வைக்கிறாள், ஆனால் அவர் பாதத்தில் விழுந்து அழுதுகொண்டே. அவளிடம் ஆண்டவர் உயிர்த்தெழுதலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "அவனை எங்கே வைத்தீர்கள்" என்று கேட்கிறார், கண்ணீர் விடுகிறார், கல்லறைக்கு உடன் போகிறார். ஒரே வீட்டில், ஒரே சாவில், ஒரே நாளில், இரண்டு சகோதரிகளுக்கு இரண்டு விதமாக நடந்துகொண்டார். உங்கள் அப்பா அன்றைக்கு மரியாளின் நிலையில் இருந்தார். நீங்கள் மார்த்தாளுக்கு உரிய பதிலை எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள்.

ஆகவே, அடுத்த முறை நீங்கள் செய்ய வேண்டிய முதல் காரியம், அவர் கேட்டதற்குப் பதில் சொல்வதே. அதற்கு முன் நீங்களும் உங்கள் கணவரும் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வர வேண்டும். அடக்கத்தின்போது எவற்றைச் செய்ய உங்கள் மனச்சாட்சி இடம் கொடுக்கும், எவற்றுக்கு இடம் கொடுக்காது என்பதில் நம் சபைகளிலேயே ஒரே கருத்து இல்லை. வாய்க்கரிசியைக் குடும்பத்தார் கொடுக்கும் கடைசி வழியனுப்பு என்று கொண்டு போடுகிறவர்களும் உண்டு, அதில் சேரவே கூடாது என்பவர்களும் உண்டு. உங்களுக்காக அதை நான் தீர்மானிக்க மாட்டேன். ஆனால் அந்தத் தீர்மானத்தைச் சாவு வீட்டில், பறையடிக்கும் நேரத்தில், மாமன் மச்சான்கள் சுற்றி நிற்கையில் எடுக்காமல் இப்போதே எடுத்துவிடுங்கள். பிறகு அப்பாவிடம் ஏறத்தாழ இப்படிச் சொல்லலாம்: "அப்பா, அன்னைக்கு நீங்க கேட்டதுக்கு நான் சரியா பதில் சொல்லலை. நான் வருவேன்ப்பா. முதல் ஆளா வருவேன். கடைசி வரைக்கும் உங்க பக்கத்துலதான் இருப்பேன். இன்னது மட்டும் என்னால முடியாது. அதைத் தம்பிகிட்ட முன்கூட்டியே சொல்லிடறேன். அதனால உங்களுக்கோ அம்மாவுக்கோ ஒரு சொல் வர நான் விடமாட்டேன்." இதோடு நிறுத்திவிடுங்கள். இதன் வாலில் ஒரு வசனத்தையும் கட்டாதீர்கள். ஏன் உன்னால் முடியாது என்று அவர் கேட்டால், பேதுரு தம் முதல் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தில் சொல்லும் தருணம் அப்போது வந்திருக்கிறது: "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு" சொல்லுங்கள். கேட்கிறவருக்கு உத்தரவு, அதாவது பதில், சொல்லவே அப்போஸ்தலர் நம்மை ஆயத்தமாயிருக்கச் சொல்கிறார். சாந்தமும் வணக்கமும் இல்லாமல் அந்த உத்தரவைக் கொடுக்க நமக்கு உரிமை தரவில்லை.

டயாலிசிஸ் அறையில் செல்போனில் செய்தி போட்டுக் காட்டியதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கையில் ஊசிகள் ஏறிய பிறகு ஏறக்குறைய நான்கு மணி நேரம் அவரால் எழுந்து போக முடியாது. தாகம் எடுத்தாலும் அளந்துதான் தண்ணீர். கடைசி ஒரு மணி நேரத்தில் பலருக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். எழுந்து போக முடியாதவரின் முன்னால் பிரசங்கத்தை ஓடவிடுவது, அவருடைய உடல்நிலையை நமக்கு வசதியாகப் பயன்படுத்திக்கொள்வதாகும். அடுத்த படுக்கைகளில் இருப்பவர்களும் அதைக் கேட்டாக வேண்டியிருந்தது என்பதையும் யோசியுங்கள். அந்த நேரத்தில் காலைப் பிடித்துவிடுங்கள். நாக்கு வறண்டால், மருத்துவர் அனுமதித்திருந்தால், ஒரு பனிக்கட்டித் துண்டைக் கொடுங்கள். அவர் ஓதி வளர்ந்த தேவாரத்தில் எந்தப் பதிகம் அவருக்குப் பிடிக்கும், யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். உங்கள் அப்பா கடவுளைத் தெரியாதவர் அல்லர். தமக்குத் தெரிந்த விதத்தில் ஆயுள் முழுவதும் கும்பிட்டு வந்தவர். அதைக் காது கொடுத்துக் கேட்பதால் உங்கள் விசுவாசத்துக்குக் குறைவொன்றும் வராது. கைப்பிரதிகளையும் தலையணை அடியிலிருந்து எடுத்துவிடுங்கள். அவற்றைத் தினமும் பார்த்துப் புழுங்குவது படுக்கையை உதறிப் போடும் உங்கள் அம்மா அல்லது தம்பி மனைவியாகத்தான் இருக்கும்.

தீபாவளித் தட்டு விஷயத்தில், படைத்ததைச் சாப்பிடாதது உங்கள் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 10ஆம் அதிகாரத்தில், முன்வைக்கப்படுவதை விசாரிக்காமல் புசிக்கச் சொல்கிறார். இது படைக்கப்பட்டது என்று ஒருவர் அறிவித்தால் மட்டும், அறிவித்தவரின் மனச்சாட்சியினிமித்தம் விட்டுவிடச் சொல்கிறார். உங்கள் வீட்டில் அறிவித்தது அம்மா அல்லர், நீங்கள். அதுவும் அவர் கையில் தட்டோடு நிற்கும்போது. முதல் நாளே அடுப்படிக்குப் போய், "அம்மா, படைக்கறதுக்கு முன்னாடி எனக்கு ரெண்டு முறுக்கு எடுத்து வைங்க" என்று சொல்லியிருந்தால், அவர் ஒரு தூக்குச்சட்டி நிறைய எடுத்து வைத்திருப்பார். கிறிஸ்தவ மருமகளுக்கும் மகளுக்கும் அப்படி எடுத்து வைக்கும் இந்துத் தாய்மார் நம் ஊர்களில் ஏராளம். அந்தப் பேச்சுக்காக அம்மாவிடம் மன்னிப்புக் கேளுங்கள். "ஆனாலும்" என்று தொடங்கும் வாக்கியம் அதில் வேண்டாம்.

இனி, கிறிஸ்துவைப் பற்றி எப்போது, என்ன சொல்வது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். சொல்லத்தான் வேண்டும், வாயை மூடிக்கொண்டு நல்லவளாக இருந்தால் போதும் என்பது என் கருத்தன்று. ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு வியப்பளித்த ஒன்று உண்டு. நீங்கள் ஏன் கிறிஸ்துவிடம் வந்தீர்கள் என்பது நான்கு பக்கங்களில் எங்குமே இல்லை. உங்கள் அப்பாவுக்கும் அது இதுவரை தெரியாதோ என்று சந்தேகிக்கிறேன். கல்யாணத்துக்காக மாறினாள், யாரோ மனத்தைக் கலைத்துவிட்டார்கள், நம் வளர்ப்பில் ஏதோ குறை என்று அவராக ஒரு காரணத்தை வைத்துக்கொண்டு இத்தனை ஆண்டுகளாக உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கலாம். கதரேனர் நாட்டில் பிசாசின் பிடியிலிருந்து விடுதலையானவன் தன்னையும் கூட்டிப் போகும்படி கேட்டபோது, ஆண்டவர் அவனை வீட்டுக்கு அனுப்பி, கர்த்தர் உனக்கு இரங்கி உனக்குச் செய்தவைகளை உன் இனத்தாருக்கு அறிவி என்றார். உனக்குச் செய்தவைகளை என்றார். அவர்களுடைய தவறுகளை என்று சொல்லவில்லை. டயாலிசிஸ் இல்லாத ஒரு நாளில், அவர் சற்றுத் தெளிவாக இருக்கும் மாலையில், "நான் ஏன் இப்படி ஆனேன்னு உங்களுக்குச் சொன்னதே இல்லையேப்பா, சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். சபையில் சாட்சி சொல்லும் நடையில் சொல்லாமல், அப்பாவிடம் மகள் பேசும் பேச்சில் சொல்லுங்கள். மரணத்தைப் பற்றிப் பேச நேர்ந்தால் அவருடைய மரணத்தைத் தொடாதீர்கள். உங்கள் மரணத்தை நினைக்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது, கல்லறையோடு கதை முடியவில்லை என்பதை நீங்கள் எதை வைத்து நம்புகிறீர்கள் என்று சொல்லுங்கள். அவருக்காக ஜெபிக்கலாமா என்றும் அனுமதி கேட்டு ஜெபியுங்கள். வேளாங்கண்ணிக்கு இந்துக்கள் நேர்ந்துகொண்டு போகும் நாடு இது. ஜெபத்தை வேண்டாம் என்பவர்கள் குறைவு. அந்த ஜெபத்தில் அவருக்கு மறைமுகமாகப் பிரசங்கம் செய்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் போதகர் காட்டும் இரத்தப்பழி வசனம் எசேக்கியேல் 3ஆம், 33ஆம் அதிகாரங்களில் இருக்கிறது. இஸ்ரவேல் வம்சத்தாருக்குக் காவலாளியாக வைக்கப்பட்ட ஒரு தீர்க்கதரிசிக்குச் சொன்ன வார்த்தை அது. அதை அப்படியே ஒரு மகளின் தலையில் ஏற்றலாமா என்பது இருக்கட்டும். அதே இடத்தில், எச்சரித்தும் கேளாமல் போனால் சொன்னவன் தன் ஆத்துமாவைத் தப்புவிப்பான் என்றும் எழுதியிருக்கிறது. நீங்கள் சொல்லாமலா இருந்தீர்கள்? தேவைக்கு மேலேயே சொல்லியிருக்கிறீர்கள். போதகர் உங்கள் மீதுள்ள அக்கறையில் பேசுகிறார் என்றே கொள்வோம். ஆயினும் பழிக்குப் பயந்து பேசுகிறவர் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகிறார், படுத்திருப்பவருக்கு அது எப்படியோ தெரிந்துவிடுகிறது. இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளன் எந்த நேரத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டான் என்பதை அறிந்த நாம், ஒருவருடைய கடைசி மூச்சு வரை ஆண்டவர் அவரிடம் என்ன பேசுகிறார் என்று கணக்கெழுத முடியாது.

மராத்திக் கவிஞர் நாராயண் வாமன் திலக் 1895இல் பம்பாயில் ஞானஸ்நானம் பெற்றார். ஆசாரமான பிராமணக் குடும்பம். அவர் மனைவி லட்சுமிபாய் இடிந்துபோனார். சில ஆண்டுகள் பிரிந்திருந்து, பிறகு கணவரோடு வந்து சேர்ந்த போதும் அவர் தம் ஆசாரத்தை விடவில்லை. சமையலைத் தனியாகவே வைத்துக்கொண்டார். அந்த வீட்டில் அதற்கு இடம் இருந்தது. சாதி ஆசாரத்தில் அவருக்கிருந்த பிடிப்பு அவருக்குள்ளேயே தளர்ந்த பிறகு, 1900இல் அவர் தாமாக ஞானஸ்நானம் பெற்றார். எல்லா வீட்டிலும் இப்படித்தான் முடியும் என்பதற்காக இதை எழுதவில்லை. பல வீடுகளில் முடிவதில்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு எரிந்தாலும் அன்பு குறையாமல் காத்திருக்க முடிந்தது என்பதற்காக எழுதுகிறேன்.

தம்பியை மறந்துவிடாதீர்கள். வாரத்தில் மற்ற எல்லா நாளும் அப்பாவைப் பார்த்துக்கொள்வது அவரும் அவர் மனைவியும்தான். நீங்கள் சனிக்கிழமை வந்து ஒரு புயலைக் கிளப்பிவிட்டு ஞாயிறு ஆராதனைக்குத் திரும்பிவிடுகிறீர்கள் என்பதே அவருடைய கோபமாக இருக்கலாம். இந்த வாரமே அவரைக் கூப்பிட்டு, அப்பாவிடம் அவர் சம்மதமில்லாமல் இனி எதையும் பேச மாட்டேன் என்று வாக்குக் கொடுங்கள், கொடுத்ததைக் காப்பாற்றுங்கள். மருத்துவச் செலவில் உங்கள் பங்கையும், தம்பி மனைவிக்கு ஓய்வாக நீங்கள் வந்து தங்கக்கூடிய நாட்களையும் நீங்களே முன்வந்து சொல்லுங்கள். போதகரை அழைத்துக்கொண்டு திடீரென்று மருத்துவமனைக்குப் போகாதீர்கள்.

ஒருவேளை அப்பாவே ஒரு நாள் ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டால், உடனே தண்ணீரைத் தேடி ஓட வேண்டாம். அம்மாவிடமும் தம்பியிடமும் அவர் தம் வாயால் சொல்லட்டும். நீங்கள் அவர் சார்பில் பேசாதீர்கள், யாருக்கும் தெரியாமல் படுக்கையருகே முடித்துவிடவும் முயலாதீர்கள். அப்படி முடித்தால், அவர் மறைந்த மறுநாளே எந்த முறைப்படி அடக்கம் என்ற சண்டையில் உங்கள் சொல்லை நம்ப ஒருவரும் இருக்க மாட்டார்கள்.