கொம்பு இடம் மாறிய கல்யாணப் பத்திரிகை

நம் மொரிஷியஸின் வக்வாவிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகளுக்குக் கல்யாணம். தமிழிலும் பிரெஞ்சிலுமாக 300 பத்திரிகை அடிக்க ஒரு தரகரிடம் கொடுத்தாராம். கைப்பேசிக்கு வந்த மாதிரியில் எல்லா எழுத்தும் சரியாக இருந்தது. அச்சாகி வந்த முதல் அட்டையில் ‘செல்வி’ என்ற சொல்லின் கொம்பு, ச-வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கிறது. பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் வேறு. கேட்டால், “தமிழுக்குக் கம்ப்யூட்டர் இப்படித்தான் அடிக்கும், யார் கவனிக்கப்போகிறார்கள்” என்கிறாராம் தரகர். மீதிப் பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொள்வதா, கடைகடையாக ஏறி இறங்கித் தானே தாள் பார்த்து வேறு இடத்தில் அடிப்பதா என்று கேட்கிறார்.

அம்மா, வாங்காதீர்கள். பணமும் கொடுக்காதீர்கள். இது பத்து நிமிடத்தில் சரியாகும் பிழை.

கம்ப்யூட்டர் ‘செ’ என்பதைச் சேமிக்கும்போது ச-வை முதலிலும் கொம்பை அதற்குப் பின்னும்தான் வைத்துக்கொள்கிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. உங்கள் கைப்பேசிக்கு அது தெரியும். அச்சகத்தில் பக்கம் அமைக்கும் மென்பொருளுக்கும் தெரியும், ஆனால் அதற்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்தால்தான் செய்யும். அதனால்தான் கைப்பேசியில் சரியாக இருந்தது அச்சில் உடைந்தது. உள்விவரம் உங்களுக்கு வேண்டாம். அச்சகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த ஒரு வரியை அப்படியே அனுப்புங்கள்: “அடோபியில் அடித்தால் பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள், பிறகு எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றி பிடிஎஃப் ஆக்குங்கள்.” கோட்டுருவமாக மாறிய எழுத்து ஒரு படம் போல. அதை எந்த இயந்திரமும் கலைக்காது.

யுனிகோடில் தமிழ் இடம்பெற்றது 1991-ல். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் கம்ப்யூட்டரின் மேல் பழி போடுகிறார்கள் என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நம் நூறு ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள். நம் நாட்டு அரசியல்வாதி ரெங்கநாதன் சீனிவாசனின் படம் இருக்கிறது, தமிழ் எழுத்தும் இருக்கிறது. 1998-ல் வந்த புதிய நோட்டுகளில் தமிழின் இடம் இந்திக்குக் கீழே போனபோது நம் மக்கள் எழுப்பிய குரலில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். நோட்டில் வரிசை மாறியதற்கு அப்படி எழுந்த நாம், பெற்ற பிள்ளையின் பெயருக்கு முன்னால் எழுத்து உடைந்து கிடக்கும்போது ஏன் வாயை மூடிக்கொள்ள வேண்டும்? தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இங்கே குறைந்துவிட்டார்கள் என்பதைத் தரகர்கள் நன்றாக அறிவார்கள். அவர்களுடைய துணிச்சலுக்கு அதுதான் மூலதனம்.

தரகரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இவர்களில் பலரிடம் அச்சு இயந்திரம் கிடையாது. உங்களிடம் வாங்கி வேறொருவரிடம் கொடுக்கிறார்கள். பிழை வந்தால் அவர் இவரைக் கைகாட்டுவார், இவர் அவரைக் கைகாட்டுவார். என் தங்கை மகள் கல்யாணத்துக்கு நானே இப்படி ஏமாந்திருக்கிறேன். சிவகாசியில் அடித்தது என்று கூடுதல் பணம் வாங்கினார்கள், கடைசியில் அடித்த இடம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஆகவே எந்த இயந்திரத்தில், யார் அடிக்கிறார்கள் என்று கேளுங்கள். சொன்ன விலையில் 15 விழுக்காடு வாட் வரி அடங்கியிருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். கைப்பேசி மாதிரிக்குச் சம்மதம் சொல்லாதீர்கள். உங்கள் பத்திரிகை எந்தத் தாளில் வரப்போகிறதோ அதே தாளில் ஒரு அட்டை அடித்துத் தரச் சொல்லி, தமிழ் வாத்தியார் ஒருவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகே மீதியை ஓட்டச் சொல்லுங்கள். செல்வன், செல்வி, பெற்றோர், கொள்கிறோம் ஆகிய சொற்களை முதலில் பார்த்தால் போதும். உடைவதானால் அங்கேதான் உடையும்.

தங்க எழுத்து வேண்டுமென்றால் மட்டும் விஷயம் வேறு. கோட்டுருவமாக மாற்றினாலும் அது உங்களைக் காப்பாற்றாது. தங்கத் தகடு ஒட்டுவதற்கு உலோக அச்சு செய்து, சூடாக்கி, அழுத்துகிறார்கள். சிறிய எழுத்தில் புள்ளி தகட்டில் ஏறாமல் விழுந்துவிடும், ழ-வின் உட்சுழி அடைபட்டுப்போகும். ‘அழைப்பிதழ்’ என்பது ‘அழைப்பிதழ’ என்று நிற்கும். ஒரு வீட்டுப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரின் கடைசிப் புள்ளி 200 அட்டையிலும் இல்லாமல் போனதை நான் கண்ணால் பார்த்தேன், அந்தப் புள்ளிகளைத் தங்கப் பேனாவால் இரவெல்லாம் வைத்தார்கள். தங்கம் வேண்டுமென்றால் தலைப்புக்கும் மணமக்கள் பெயருக்கும் மட்டும், பெரிய எழுத்தில், தடித்த எழுத்துருவில் வையுங்கள். முகூர்த்த நேரமும் இடமும் சாதாரண மையில் வரட்டும். அந்த உலோக அச்சைச் செய்வதற்கு முன் அதன் படத்தை உண்மை அளவில் தாளில் எடுத்து, கையை நீட்டிப் பிடித்துப் புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள்.

இனித் தாள். கடைகடையாக ஏறி இறங்குங்கள் என்றே சொல்வேன். போர்ட் லூயிஸிலும் ரோஸ் ஹில்லிலும் லிப்ரெரி என்று பலகை போட்ட புத்தக, எழுதுபொருள் கடைகள் இருக்கின்றன. ஜனவரியில் பள்ளிக்கூடக் கூட்டத்தில் நுழைய முடியாது. மற்ற மாதங்களில் முற்பகலில் போனால் கடைக்காரரே பின்னால் இருக்கும் தட்டுகளைத் திறந்து காட்டுவார். விரல் நுனியால் தடவிப் பார்த்து எடுத்த தாளுக்கு ஈடு எதுவுமில்லை. ஆனால் கட்டாக வாங்காதீர்கள். இரண்டு தாள் வாங்கி அச்சகத்தில் காட்டி, இயந்திரம் அதை இழுக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கையால் செய்த, சொரசொரப்பு அதிகமான தாளில் குழிகளுக்குள் டோனர் என்ற மைத்தூள் இறங்காது.

ஜிஎஸ்எம் எண்ணைக் காட்டி யாராவது மயக்கினால் மயங்காதீர்கள். அது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, தரம் அல்ல. நகல் எடுக்கும் தாள் 80, பத்திரிகை அட்டை 250 முதல் 300 வரை. அதைவிட முக்கியமானது நாரோட்டம், அதாவது தாளின் நார்கள் ஓடும் திசை. அட்டையை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் எளிதாக வளையும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். எளிதாக வளையும் வாக்கிலேயே மடிப்பு வரவேண்டும். மாற்றி மடித்தால் அரக்கு நிற அட்டையின் மடிப்பில் வெள்ளை வெடிப்பு ஓடும்.

மஞ்சள் தடவுவதை மறந்துவிடாதீர்கள். மாதிரி அட்டையின் நான்கு மூலையிலும் குழைத்த மஞ்சளை வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். பிளாஸ்டிக் பூச்சுப் போட்ட அட்டையில் அது பிடிக்காமல் உதிரும், பூச்சில்லாத மெல்லிய தாளில் பரவி எழுத்து வரைக்கும் போகும். பூச்சில்லாத தடித்த அட்டைதான் உங்களுக்கு ஏற்றது. விருந்தினர் பெயரை மைப்பேனாவால் எழுதவும் அதுவே வசதி.

கவர் கடையில் கிடைக்கும் அளவுக்கே அட்டையை வெட்டச் சொல்லுங்கள். 105-க்கு 148 மில்லிமீட்டர் அட்டை என்றால் 114-க்கு 162 கவர். புதுமையான அளவு என்று தரகர் ஆசை காட்டினால் கவரும் அவரிடம்தான் வாங்கவேண்டி வரும்.

நீங்கள் இருப்பது வக்வா. அங்கே ஈரக்காற்று எதையும் விடாது. கல்யாணம் வரைக்கும் அட்டைகளைப் பிஸ்கட் டின்னில் மூடி வையுங்கள். பசை தடவிய கவர்கள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு கவரின் மடலுக்கு அடியிலும் ஒரு துண்டு மெழுகுத்தாள் செருகி வையுங்கள்.