டீச்சரைக் கேளுங்கள்: மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து

கேள்வி: என் மகன் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு இப்போது இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவத்தில் இருக்கிறான். நானும் வீட்டுக்காரரும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறோம். "காலேஜுக்கு இப்பவே காசு சேர்த்து வை" என்கிறார்கள் பக்கத்து வீட்டில். மாதம் எவ்வளவு சேர்க்க வேண்டும் டீச்சர்?
– ஒரு தாய், லிந்தாங்

பதில்: காசைப் பிறகு பேசுவோம் தங்கச்சி. முதலில் அவனுடைய மலாய்க் கட்டுரை நோட்டை எடுத்துப் பாருங்கள்.

ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் மலாய் மொழியில் கிரெடிட், வரலாற்றில் பாஸ் இல்லாமல் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குள் கால் வைக்க முடியாது. 2013 முதல் வரலாற்றில் கோட்டைவிட்டால் எஸ்பிஎம் சான்றிதழே கிடைக்காது. அந்த வரலாற்றையும் மலாயில்தான் எழுத வேண்டும். ஆக, ஒரே மொழி இரண்டு பூட்டுக்குச் சாவி.

கோயில் மண்டபத்தில் நான் நடத்தும் இரவு வகுப்பில் ஒரு பையன் "சிக்கு அஜார் சாயா" (ஆசிரியர் எனக்குச் சொல்லித் தருகிறார்) என்று எழுதியிருந்தான். பந்து விளையாடும் இடத்தில் அது செல்லும். பரீட்சைத் தாளில் "மெங்காஜார்" என்று வரவேண்டும். இந்த இம்புஹானில், அதாவது சொல்லுக்கு முன்னும் பின்னும் ஒட்டும் ஒட்டுகளில்தான் நம் பிள்ளைகள் மார்க்கைக் கொட்டுகிறார்கள். கடைக்காரரிடம் சரளமாகப் பேசுகிறானே என்று பெற்றோரும் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

வாரம் ஒரு பக்கம் எழுத வையுங்கள். உங்களுக்கு மலாய் வாசிக்க வராவிட்டால் பரவாயில்லை. தேதி போட்டிருக்கிறதா, ஆசிரியர் திருத்தியிருக்கிறாரா, திருத்தியதை இவன் மறுபடி எழுதினானா என்று பார்க்கப் படிப்பு வேண்டாம். அந்த மூன்றாவதைத்தான் எந்தப் பையனும் தானாகச் செய்வதில்லை.

காசு விஷயம்: பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் அரசாங்கப் பள்ளியிலேயே படிக்கலாம். பட்டப்படிப்புக்கு பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடன் 1997-லிருந்து இருக்கிறது. நீங்கள் சேர்ப்பது ஒரு லேப்டாப்புக்கும் முதல் மாத ஹாஸ்டல் செலவுக்கும் ஆகட்டும். கடன் பணம் கைக்கு வரும்வரை பிள்ளை சாப்பிட வேண்டுமே.

கேள்வி: ஐந்தாம் படிவம் படிக்கிறேன். மெட்ரிகுலேஷன் (அரசாங்கத்தின் பல்கலைக்கழக முன்படிப்பு) கிடைக்காமல் ஆறாம் படிவம் போனால் அசிங்கம் என்கிறார்கள் தோழிகள். உண்மையா?

பதில்: சொல்லட்டும் விடும்மா. ஆறாம் படிவத்தில் எழுதும் எஸ்டிபிஎம் தேர்வு மூன்று பருவம், ஒன்றரை வருஷம். கஷ்டம்தான், ஆனால் அதில் நல்ல புள்ளி எடுத்தவளை எந்தப் பல்கலைக்கழகமும் லேசில் தள்ளுவதில்லை. மூயெட் என்ற ஆங்கிலத் தேர்வை மட்டும் மறந்துவிடாதே.

மெட்ரிகுலேஷனில் இந்திய மாணவர்களுக்கு 2,200 இடம் என்று 2018-இல் அறிவித்தார்கள். அறிவிப்பை நம்பி வேறு எதற்கும் விண்ணப்பிக்காமல் உட்கார்ந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அரசாங்க உயர்கல்விக்கூடங்களுக்கு விண்ணப்பிக்கும் யூபியூவிலும் போடு. ஈப்போவில் உங்கு ஓமார் பாலிடெக்னிக் இருக்கிறது, 1969-இல் தொடங்கிய நாட்டின் முதல் பாலிடெக்னிக். அதையும் பட்டியலில் சேர். இன்னொன்று, விண்ணப்பத்தில் அப்பாவின் பழைய பிரீபெய்ட் நம்பரைக் கொடுக்காதே. ரீலோட் போடாமல் செத்துப்போன நம்பருக்கு யார் அழைத்து என்ன பயன்?

கேள்வி: ஈப்போவில் வேலை செய்கிறேன். வாரக்கடைசியில் ஊருக்கு வந்து தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இலவச டியூஷன் எடுக்க ஆசை. எங்கே தொடங்குவது?

பதில்: புதிதாகத் தொடங்குமுன், டாக்டர் தம்பிராஜா 1982-இல் ஆரம்பித்த ஸ்ரீ முருகன் நிலையம் என்ற டியூஷன் அமைப்பின் வகுப்பு ஒன்றில் போய் உட்கார்ந்து பாருங்கள் தம்பி. நம் பிள்ளைகளை எப்படிப் பேசிப் பிடித்து வைக்கிறார்கள் என்று தெரியும்.

பிறகு முதல் வகுப்பில் கணக்கு எடுக்காதீர்கள். எல்லோரையும் பிறப்புப் பத்திரத்தின் நகலைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பன்னிரண்டு வயதில் எடுக்க வேண்டிய மைகாட் அடையாள அட்டை பதினைந்து வயதிலும் இல்லாத பிள்ளைகள் தோட்டத்தில் இருக்கிறார்கள். பெற்றோர் கல்யாணத்தைப் பதியாதது, அம்மா வெளிநாட்டவர் என்று ஏதாவது ஒரு சிக்கல் இருக்கும். வெளியே சொல்லக் கூச்சப்படுவார்கள். எஸ்பிஎம் எழுதிய பிறகு இது தெரிந்தால் பதிவிலாகாவுக்கு நடந்து நடந்தே விண்ணப்பத் தேதி போய்விடும். நீங்கள் மோட்டார் சைக்கிளில் ஒரு தாயைப் பதிவிலாகாவுக்கு அழைத்துப் போய்ப் பாரம் நிரப்பிக் கொடுத்தால், அது பத்து டியூஷனுக்குச் சமம்.

சனிக்கிழமை சாயங்காலம் மண்டபத்துக்கு வாருங்கள். மார்க்கர் பேனா நீங்களே வாங்கி வரவேண்டும், கோயில் கமிட்டி அதற்குக் காசு தருவதில்லை.