18 புள்ளிகள் எடுக்கும் இளம் வீரரை விட்டுவிடலாமா?

கேள்வி: நான் நெடுநாளாகப் பின்தொடரும் என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) அணி தோற்றுக்கொண்டே இருக்கிறது. அதில் 22 வயது கார்டு (பந்தைக் கையாண்டு ஆட்டத்தை நகர்த்துபவர்) ஒருவர், மூன்றாவது சீசனில், ஆட்டத்துக்கு 18 புள்ளிகள் எடுக்கிறார். மூன்று புள்ளி எறிதலில் (வளைகோட்டுக்கு வெளியிலிருந்து எறிவது) 32 சதவீதம், ஃப்ரீ த்ரோவில் (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் தடையற்ற எறிதல்) 83 சதவீதம். இவரைக் கொடுத்து அனுபவமுள்ள நட்சத்திரம் ஒருவரை வாங்க வேண்டும் என்கிறார்கள் நண்பர்கள். இவர் இன்னும் வளர்வாரா, இப்போதே விலை உச்சத்தில் இருக்கிறதா என்பதை எப்படிக் கணிப்பது?

பதில்: 18 என்ற எண்ணைச் சற்று ஒதுக்கி வையுங்கள். தோற்கும் அணியிலும் யாராவது பந்தை எறிந்துதான் ஆக வேண்டும். அந்த வாய்ப்பு ஒரு இளைஞருக்குக் கிடைத்தால் புள்ளிகள் தாமாகவே சேரும். அவர் வேறு அணிக்குப் போனால் எவையெல்லாம் கூடவே போகும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

2013 டிராஃப்டில் (அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 11ஆவதாகத் தேர்வான மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பிலடெல்பியா 76அர்ஸ் அணிக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே, அப்போதைய சாம்பியன் மயாமி ஹீட்டுக்கு எதிராக 22 புள்ளிகள், 12 அசிஸ்ட் (சக வீரரின் கூடைக்கு வழிவகுத்த பாஸ்), 9 ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்தல்). சீசன் முடிவில் சராசரி 16.7 புள்ளிகள், சிறந்த புதுமுக வீரர் விருதும் அவருக்கே. ஆனால் அந்த அணி அந்தச் சீசனில் வென்றது 19 ஆட்டங்கள் மட்டுமே. லீகிலேயே மிக வேகமாக ஆடிய அணி அது. வேகம் கூடினால் எல்லோருடைய எண்களும் கூடும். அவருடைய மூன்று புள்ளி எறிதல் 26 சதவீதம், ஃப்ரீ த்ரோ 70 சதவீதம், வயது 22. 2015 பிப்ரவரியில் பிலடெல்பியா அவரை மில்வாக்கிக்கு அனுப்பி, லேக்கர்ஸ் அணியின் முதல் சுற்றுத் தேர்வுரிமையை (பின்னொரு டிராஃப்டில் வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) பெற்றது. விருது வாங்கியவரையா விற்பது என்று ரசிகர்கள் கொதித்தார்கள். 2016இல் மில்வாக்கியும் அவரை டோனி ஸ்னெலுக்குப் பதிலாக சிகாகோவுக்குக் கொடுத்துவிட்டது. லேக்கர்ஸின் தேர்வுரிமையோ 2018இல் பத்தாவது இடமாக வந்தது. அதில் தேர்வானவர் மிக்கேல் பிரிட்ஜஸ். அவரை அன்றிரவே பீனிக்ஸுக்கு அனுப்பியது பிலடெல்பியாவின் தனிப் பிழை. விற்ற முடிவில் தவறில்லை.

அதே டிராஃப்டில் 15ஆவதாக வந்தவர் யானிஸ் அன்டெட்டோகும்போ. முதல் சீசனில் அவர் எடுத்தது 6.8 புள்ளிகள்தான். ஆனால் அந்தச் சீசனின் நடுவில்தான் அவருக்கு 19 வயது நிறைந்தது. உயரம்கூட இன்னும் கூடிக்கொண்டிருந்தது. வீரர்களை ஒப்பிடும்போது சீசன் எண்ணிக்கையை ஒப்பிடாதீர்கள், வயதை ஒப்பிடுங்கள். 19 வயதுக்காரரின் ஏழு புள்ளிகளுக்குள் 22 வயதுக்காரரின் பதினாறைவிட அதிக எதிர்காலம் இருக்கலாம்.

அடுத்தது எறிதல். என்னைக் கேட்டால், இளம் வீரரின் கையை அறிய மூன்று புள்ளிச் சதவீதத்தைவிட ஃப்ரீ த்ரோ நம்பகமானது. தூரம் மாறாது, எதிரில் யாரும் கை நீட்டுவதில்லை. மூன்று புள்ளி எறிதலோ எண்ணிக்கையில் குறைவு: ஒரு சீசனில் 150 எறிதல்கள் என்றால், 33 சதவீதத்துக்கும் 37 சதவீதத்துக்கும் இடையே இருப்பது ஆறே ஆறு கூடைகள். 2017இல் முதலிடத்தில் தேர்வான மார்கெல் ஃபல்ட்ஸ் கல்லூரியில் மூன்று புள்ளி எறிதலில் 41 சதவீதம் காட்டினார். ஃப்ரீ த்ரோவில் 65ஐக்கூடத் தொடவில்லை. பிறகு அவருடைய எறிதல் குலைந்ததில் தோள் நரம்புச் சிக்கலுக்கும் பங்குண்டு, அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் எச்சரிக்கை மணி முன்பே அடித்திருந்தது. கவாய் லெனர்டு இதற்கு நேர்மாறு. கல்லூரியில் மூன்று புள்ளி எறிதல் 30 சதவீதத்துக்கும் கீழே, ஃப்ரீ த்ரோ 76 சதவீதத்தை ஒட்டி. 2011 டிராஃப்ட் இரவில் ஜார்ஜ் ஹில்லைக் கொடுத்து அவரை வாங்கிய சான் அன்டோனியோ எறிதலைத் திருத்தியது. முதல் சீசனிலேயே 37 சதவீதத்தைத் தாண்டினார்.

இவற்றோடு, எண்களில் முழுதாகச் சிக்காத ஒன்றும் உண்டு. உங்கள் வீரர் பந்துடன் உள்ளே நுழைந்ததும் இரண்டாவது தடுப்பாளர் வந்தால் என்ன செய்கிறார்? பந்து உடனே தடுப்பாரின்றி நிற்கும் சக வீரருக்குப் போகிறதா, கடினமான எறிதலாக முடிகிறதா? ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டர் முதல் சீசனில் எடுத்தது வெறும் 10.8 புள்ளிகள். ஆனால் 20 வயதில், 48 ஆட்டங்களை வென்ற கிளிப்பர்ஸ் அணியில், பெரும்பாலான ஆட்டங்களை முதல் ஐவரில் ஒருவராகத் தொடங்கி, ஃப்ரீ த்ரோவில் 80 சதவீதம், மூன்று புள்ளியில் 37 சதவீதம் என்று நிதானமாக ஆடினார். 2019இல் பால் ஜார்ஜை வாங்க, இவரையும் டானிலோ கலினாரியையும் ஐந்து முதல் சுற்றுத் தேர்வுரிமைகளையும் ஓக்லஹோமா சிட்டிக்குக் கொடுத்தது கிளிப்பர்ஸ். 2025இல் ஷாய் லீகின் மிக மதிப்புமிக்க வீரர், ஓக்லஹோமா சிட்டி சாம்பியன். அன்று கைமாறிய தேர்வுரிமை ஒன்றில் வந்த ஜேலன் வில்லியம்ஸும் அதே சாம்பியன் அணியில் இருந்தார்.

இனி விலை. வளர்ச்சி வேறு, சந்தை மதிப்பு வேறு. மதிப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஒப்பந்தம். முதல் சுற்றில் தேர்வானவருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம், சம்பளம் முன்பே வரையறுக்கப்பட்டது. ஒப்பீட்டளவில் குறைந்த அந்தச் சம்பளத்தில் எத்தனை ஆண்டுகள் பாக்கி என்பதையே வாங்கும் அணி முதலில் எண்ணும். டைரீஸ் ஹாலிபர்ட்டனை சாக்ரமென்டோ 2022 பிப்ரவரியில், அவருடைய இரண்டாவது சீசனில், இந்தியானாவுக்குக் கொடுத்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பாக்கி இருந்ததால்தான், அதற்குள் ஆல்-ஸ்டார் (லீகின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆட்டம்) தேர்வு பெற்றிருந்த 25 வயது டொமாண்டஸ் சபோனிஸ் கிடைத்தார். அந்த டிரேடைப் படுதோல்வி என்று பலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. அடுத்த சீசனிலேயே சாக்ரமென்டோ 48 ஆட்டங்களை வென்று, 2006க்குப் பிறகு முதன்முறையாக பிளேஆஃப் (சாம்பியனைத் தீர்மானிக்கும் சுற்றுகள்) ஆடியது. இந்தியானா 2025 இறுதிச் சுற்றுவரை போனது. இரு தரப்பும் வாங்கியதை அனுபவித்தன.

உங்கள் வீரருக்கு மூன்றாவது சீசன் முடிந்ததும் நீட்டிப்பு ஒப்பந்தம் பேசலாம். அதன் தொடக்கச் சம்பளம் பொதுவாகச் சம்பள உச்சவரம்பில் (ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கும் வரம்பு) 25 சதவீதம்வரை போகலாம். கையெழுத்திட்டுவிட்டு, அது நடைமுறைக்கு வரும் முன் டிரேடு செய்தால் சிக்கல்: அனுப்பும் அணியின் கணக்கில் பழைய சம்பளமும், வாங்கும் அணியின் கணக்கில் பழையதும் புதியதும் சேர்ந்த சராசரியும் ஏறும். இரு தரப்புக் கணக்கும் பொருந்துவது அரிது. விற்பதானால் கையெழுத்துக்கு முன்பே விற்க வேண்டும்.

நானாக இருந்தால், 30ஐத் தாண்டிய நட்சத்திரத்துக்காக இவரைக் கொடுக்க மாட்டேன். 83 சதவீத ஃப்ரீ த்ரோ, இன்றைய 32 சதவீதம் மேலே ஏறும் என்கிறது. 22 வயதில் மூன்றாவது சீசன் என்றால் இளம் வயதிலேயே வந்தவர். ஆனால் அசிஸ்டுகளை நீங்கள் எழுதவில்லை. அவற்றையும் டர்ன்ஓவர்களையும் (பந்தை எதிரணியிடம் இழத்தல்) இந்தச் சீசனின் முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். அசிஸ்ட் ஏறி, டர்ன்ஓவர் ஏறாமல் இருந்தால் கோடையில் நீட்டிப்பைக் கொடுப்பதே சரி. இரண்டும் அசையாமல் புள்ளிகள் மட்டும் கூடியிருந்தால், சபோனிஸ் போல 26க்குள், ஒப்பந்தம் மிச்சமுள்ள ஒருவர் வருவாரா என்று நீட்டிப்புக்கு முன் தேடலாம். அப்படி ஒருவர் வந்தால் உங்கள் நண்பர்கள் பக்கம்தான் நான்.