வலது இண்டிகேட்டருக்கு எத்தனை அர்த்தம்?

கேள்வி: கார் ஓட்டக் கற்றுக்கொண்டு இரண்டு மாதம் ஆகிறது. இருவழிச் சாலையில் முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போட்டால், ‘எதிரே வண்டி இல்லை, நீ முந்திக்கொள்’ என்று அர்த்தம் என்கிறார் அப்பா. 25 வருடமாக அதை நம்பித்தான் ஓட்டுகிறாராம். டிரைவிங் ஸ்கூலில் கேட்டால், ‘வலது போட்டால் வண்டி வலது பக்கம் திரும்பப் போகுது, அவ்வளவுதான்’ என்கிறார்கள். யார் சொல்வது சரி? இன்னொன்று: பின்னால் யாரும் இல்லை என்று தெரிந்தால், எங்கள் தெருவுக்குள் திரும்பக்கூட இண்டிகேட்டர் போட வேண்டுமா? போட்டால் அப்பா சிரிக்கிறார்.
— வாசகி, திருவாரூர்

பதில்: டிரைவிங் ஸ்கூல் சொல்வதுதான் சரி. ஆனால் அப்பாவும் கதை விடவில்லை. அவர் சொல்கிற பழக்கம் நம் ரோட்டில் உண்மையாகவே இருக்கிறது. அதை நம்பிப் போனவர்கள் பெரும்பாலும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தும் இருக்கிறார்கள். எனக்குப் பயமே அதனால்தான். முழுப் பொய்யாக இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே அப்பா அதை விட்டிருப்பார்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் கும்பகோணத்திலிருந்து மன்னார்குடிக்கு நண்பருடைய காரில் போய்க்கொண்டிருந்தேன். வலங்கைமான் தாண்டியதும் முன்னால் ஒரு லாரி. நெல் மூட்டை ஏற்றி, தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தது. பத்து நிமிடம் அதன் பின்னாலேயே ஊர்ந்தோம். ஓரிடத்தில் லாரி வேகத்தைக் குறைத்து வலது இண்டிகேட்டர் போட்டது. “வழி விட்டுட்டார்” என்று சொல்லிக்கொண்டே நண்பர் கியரைக் குறைத்து வலது பக்கம் ஏறினார். லாரியின் பாதி நீளத்துக்கு வந்திருப்போம், அதன் மூக்கு எங்கள் பக்கமாகத் திரும்பியது. வலது பக்கம் ஒரு அரிசி ஆலையின் கேட் திறந்து கிடந்ததை அப்போதுதான் பார்த்தோம். நண்பர் பிரேக்கை மிதித்தபடியே ஸ்டீயரிங்கை ஒடித்தார். கார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கி நின்றது. இடது சீட்டில் இருந்த என் ஜன்னலுக்கு நேராக லாரியின் பின்சக்கரம். சேறு அப்பியிருந்த நட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணியிருக்கலாம், அவ்வளவு பக்கம்.

லாரி டிரைவர் இறங்கி ஓடிவந்தார். ஐம்பது வயதிருக்கும். அவர் கோபப்படவில்லை, கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. “இண்டிகேட்டர் போட்டேனே சார்” என்றார். நண்பரும் அதே நேரத்தில், “இண்டிகேட்டர் போட்டீங்களேண்ணே” என்றார். இரண்டு பேர் சொன்னதும் நிஜம். அவர் ‘நான் திரும்புறேன்’ என்று போட்ட விளக்கை, இவர் ‘நீ போ’ என்று எடுத்துக்கொண்டார்.

இந்தப் பழக்கம் கெட்ட எண்ணத்தில் வந்ததில்லை. லாரி டிரைவர் உயரத்தில், வண்டியின் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறார். எதிரே வருவது அவருக்குத் தெரியும். லோடுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட நமக்குத் தெரியாது. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லி உதவுவது நல்ல மனசுதான். முன்பெல்லாம் அதைக் கையால் சொன்னார்கள். சட்டத்திலேயே இடம் பெற்ற சைகை அது. 1989ஆம் ஆண்டின் சாலை விதிகளில், டிரைவர் காட்ட வேண்டிய கை சைகைகள் வரிசையாகச் சொல்லப்பட்டிருந்தன. மெதுவாகப் போகப் போகிறேன் என்றால் வலது கையை வெளியே நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, மேலும் கீழும் அசைக்க வேண்டும். நிற்கப் போகிறேன் என்றால் முன்கையை நேராக உயர்த்த வேண்டும். வலது பக்கம் திரும்ப, கையை நேராக நீட்ட வேண்டும். இடது பக்கம் திரும்ப, நீட்டிய கையைச் சுழற்ற வேண்டும். ஐந்தாவதாக ஒன்று: பின்னால் வருபவர் முந்திக்கொள்ளலாம் என்பதற்கு, நீட்டிய கையை அரைவட்டமாக முன்னும் பின்னும் வீச வேண்டும். திரும்புவதற்கு ஒரு சைகை, வழி விடுவதற்கு வேறொரு சைகை. பார்க்கிறவர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வழியே இல்லை.

அப்புறம் கை உள்ளே போய்விட்டது. கேபினுக்கு ஏசி வருகிறது, கண்ணாடி ஏறுகிறது. இடது ஜன்னலில் உட்கார்ந்து கை காட்டிக்கொண்டே வந்த கிளீனர் இன்று பல வண்டிகளில் இல்லை, டிரைவர் தனியாகவே ஓட்டுகிறார். மெதுவாவதையும் நிற்பதையும் பிரேக் விளக்கு சொல்லிவிடுகிறது. திரும்புவதை இண்டிகேட்டர் சொல்லிவிடுகிறது. ‘முந்திக்கொள்’ என்பதற்கு மட்டும் வண்டியில் விளக்கே கிடையாது. வீடில்லாமல் நின்ற அந்த ஒரு சொல்லைக் கொண்டுபோய் வலது இண்டிகேட்டரில் குடிவைத்துவிட்டார்கள். ஏற்கெனவே அங்கே இருந்த அர்த்தமோ இன்னும் காலி செய்யவில்லை.

அதுவாவது எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. சில டிரைவர்கள் வழி விட இடது இண்டிகேட்டர் போடுவார்கள். ‘நான் ஓரமாகப் போகிறேன், நீ போ’ என்று. வலது போட்டு, ‘பொறு, எதிரே வண்டி வருது’ என்று தடுக்கிறவர்களும் உண்டு. திருவாரூரில் உங்கள் அப்பா கற்ற அர்த்தமும், வேறு மாநிலத்திலிருந்து வந்த லாரியின் டிரைவர் கற்ற அர்த்தமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988, அதன் 121ஆவது பிரிவில் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருப்பது ஒன்றைத்தான்: திரும்பும் பக்கத்தைக் காட்ட விளக்கைப் பயன்படுத்தலாம். அந்த ஒன்றைத்தான் முன்பின் தெரியாத இரண்டு பேர் நம்ப முடியும்.

நான்கு இண்டிகேட்டரையும் சேர்த்து எரியவிட்டுக்கொண்டு நாற்சந்தியில் நேராகப் போகிறவர்களையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ‘நான் எந்தப் பக்கமும் திரும்பவில்லை’ என்று சொல்வதாக அவர்கள் நினைக்கிறார்கள். இடது பக்கத் தெருவிலிருந்து வருபவருக்கு அந்த வண்டியின் இடது விளக்கு மட்டும்தான் தெரியும். வண்டி இடது பக்கம் திரும்பப் போகிறது என்று நம்பி அவர் ரோட்டில் இறங்கிவிடுவார். மழையில் நான்கையும் எரியவிட்டு ஓட்டினாலும் இதே தொல்லைதான். லேன் மாறும்போது சொல்வதற்கு உங்களிடம் விளக்கு மிச்சம் இருக்காது. அந்த நான்கு விளக்கு, பழுதாகி ரோட்டில் நின்றுபோன வண்டிக்கு உரியது.

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும்? முன்னால் போகும் லாரி வலது போட்டால், அது திரும்பப் போகிறது என்றே எடுத்துக்கொண்டு பின்னால் நில்லுங்கள். வலது பக்கம் ஒரு கேட், பெட்ரோல் பங்க், மண் ரோடு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இண்டிகேட்டரோடு பிரேக் விளக்கும் எரிந்தால் கூடுதல் கவனம் வேண்டும். லாரிக்கு ஒட்டி ஓட்டாமல் கொஞ்சம் இடைவெளி விட்டால், எதிர்ப்பக்கம் எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதே மாறிவிடும். காலி ரோட்டை உங்கள் கண் பார்த்த பிறகு முந்துங்கள். லாரிக்காரர் திரும்பத் திரும்ப லைட் போட்டுக் கூப்பிட்டாலும் பரவாயில்லை, பின்னாலேயே போங்கள். எதிரே வரும் பஸ் எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று அவர் கணக்குப் போட்டிருப்பார். உங்கள் காரின் இழுவையும், இரண்டு மாதம் பழகிய உங்கள் காலும் அவர் கணக்கில் இல்லை.

வழி விட நினைக்கும் லாரிக்காரருக்கும் ஒரு வழி இருக்கிறது. வண்டியை இடது ஓரமாக எடுத்து, ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் போதும். பின்னால் இருப்பவருக்கு ரோடு தானே தெரிந்துவிடும்.

இனி உங்கள் தெரு. ‘பின்னால் யாரும் இல்லை என்று தெரிந்தால்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணாடியில் யாரும் தெரியவில்லை என்பது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். பக்கக் கண்ணாடி காட்டும் இடத்துக்கும் உங்கள் தோளுக்கும் நடுவில் ஒரு பைக் முழுதாக மறைந்துவிடும். நீங்கள் பார்த்துவிட்ட ஆளுக்காக நீங்களே பொறுத்துப் போய்விடுவீர்கள். இண்டிகேட்டர் தேவைப்படுவது நீங்கள் பார்க்காமல் விட்ட ஆளுக்கு. முனையில் கடைக்குப் போக ரோட்டைக் கடக்க நிற்கும் பாட்டிக்கும், எதிரே சைக்கிளில் வரும் பையனுக்கும் அது வேண்டும். அவர்கள் உங்களுக்குப் பின்னால் இல்லை. ‘யாரும் இல்லை’ என்று சொல்லும்போது நாம் அவர்களை எண்ணுவதே இல்லை.

போடுவது எப்போது என்பதிலும் நம்மிடம் பெரிய குறை இருக்கிறது. இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்ன வேண்டும் என்பது விதி. அப்படியென்றால் ஒரு நொடிக்கு ஒன்று அல்லது இரண்டு மின்னல். ஸ்டீயரிங்கை ஒடித்துக்கொண்டே இண்டிகேட்டரைத் தட்டுகிறவர் பின்னால் வருபவருக்குக் கொடுப்பது அந்த ஒரு மின்னலைத்தான். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். விளக்கைப் பார்த்து, புரிந்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். மூன்று நொடி முன்னால் போட்டால் அவருக்கு 50 மீட்டர் கிடைக்கும். அவ்வளவு முன்னால் போட்டாலும், இண்டிகேட்டர் போட்டாச்சு என்பதாலேயே வழி உங்களுடையது ஆகிவிடாது. வருகிறவர் வேகத்தைக் குறைத்தாரா என்று பார்த்த பிறகுதான் திரும்ப வேண்டும்.

திரும்பி முடித்ததும் அணைந்ததா என்றும் பாருங்கள். முழுத் திருப்பத்தில் ஸ்டீயரிங் நேராகத் திரும்பி வரும்போது இண்டிகேட்டர் தானே அணைந்துவிடும். லேன் மாறுவது போலக் கொஞ்சமாக ஒடித்தால் பல நேரம் அணையாது. பைக்குகள் பெரும்பாலானவற்றில் கையால்தான் அணைக்க வேண்டும். எரிந்துகொண்டே போகும் பைக்கைப் பார்த்துவிட்டு, விரல்களை விரித்து மூடிக் காட்டி, “தம்பி, இண்டிகேட்டர்!” என்று கூவும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அப்படிக் கூவுகிறவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

2022இல் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். மத்திய அரசு வெளியிடும் ஆண்டறிக்கையில் எந்த விதிமீறலால் விபத்து என்று ஒரு பட்டியல் இருக்கும். அதிவேகம், குடி, தவறான பக்கம், சிவப்பு விளக்கு, செல்போன், மற்றவை. இண்டிகேட்டருக்குத் தனி இடம் இல்லை. போடாமல் திரும்பியதும், போட்டதைத் தப்பாகப் புரிந்துகொண்டதும் அந்தக் கணக்கில் தனியாகத் தெரியாது. நாங்கள் மண்ணில் இறங்கி நின்றதுபோல மயிரிழையில் தப்பியவை எந்தக் கணக்கிலும் வராது.

போன மாதம் நாகப்பட்டினம் சாலையில் எனக்கு முன்னால் ஒரு மொபெட் போனது. அப்பா ஓட்ட, பின்னால் ஏழெட்டு வயதுப் பையன். இண்டிகேட்டர் வேலை செய்யவில்லை போலிருக்கிறது. திரும்ப வேண்டிய இடத்துக்கு வெகுதூரம் முன்னாலேயே பையன் வலது கையை முழுதாக நீட்டி, கழுத்தைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வேகத்தைக் குறைத்து நின்ற பிறகுதான் அப்பாவின் முதுகில் தட்டினான். அவர் திரும்பினார்.

அடுத்த முறை தெருமுனையில் அப்பா சிரித்தால், சிரிக்கட்டும். “மூணு எண்ணிட்டுத் திருப்புறேன்பா” என்று சொல்லி, சத்தமாகவே எண்ணுங்கள்.