நாலு வருஷமாக ஜெபிக்கிறேன், ஏன் பதில் இல்லை?

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. பெங்களூரில் ஐடி வேலை. நாலு வருஷமாக ஆலயத்துக்குப் போவதில்லை. "எனக்கு அதில் நம்பிக்கை இல்லைம்மா, விட்டுடுங்க" என்கிறான். குடிப்பதாகவும் கேள்விப்பட்டேன். வெள்ளிதோறும் உபவாசமிருந்து ஜெபிக்கிறேன். தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்புகிறேன். நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. ஜெபக்குழுவில் ஒருவர், "உங்களுக்கு விசுவாசம் போதாது" என்றார். யூடியூபில் ஓர் ஊழியர் காணிக்கை அனுப்பினால் 21 நாளில் பதில் வரும் என்கிறார். அனுப்பலாமா? ஆண்டவர் கேட்கிறாரா, இல்லையா?
– ஒரு தாய், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் காணிக்கை விஷயம். அனுப்பாதீர்கள். ஆண்டவர் சார்பாக நாள் குறித்துக் கொடுக்கிற அதிகாரம் எந்த ஊழியருக்கும் கிடையாது. தேவனுடைய வரத்தைப் பணத்துக்கு வாங்க வந்த சீமோனைப் பேதுரு எப்படிக் கடிந்துகொண்டார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்தில் இருக்கிறது, ஒருமுறை வாசியுங்கள். ஒரு தாயின் கண்ணீரைக் காட்டிப் பணம் கேட்பதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு எரிகிறது.

விசுவாசம் போதாது என்று சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார், அது நீங்கவில்லை. பவுலுக்கு விசுவாசம் போதாது என்று நம்மில் யாராவது சொல்வோமா? அந்த வார்த்தையை மனசிலிருந்து இறக்கி வைத்துவிடுங்கள்.

நமக்குக் காத்திருக்கிற பழக்கம் விட்டுப்போய்விட்டது. நான் சிறுமியாக இருந்தபோது பம்பாயில் இருந்த அண்ணனின் கடிதம் வரப் பத்து நாள் ஆகும். அதற்குள் அவன் எங்களை மறந்துவிட்டான் என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. இப்போது ஒற்றை டிக் இரட்டை டிக் ஆகக் கொஞ்சம் தாமதமானாலே கை நடுங்குகிறது. அதே பதற்றத்தோடு முழங்காலிலும் நிற்கிறோம். புத்தாண்டு ஆராதனையில் எடுத்த, அந்த வருஷத்துக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை பொங்கலுக்குள் நிறைவேறவில்லையே என்று வாடிப்போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்லவில்லை, நானும் அதே காலத்தில்தான் வாழ்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு மோனிக்கா ஞாபகம்தான் வந்தது. கத்தோலிக்க சகோதரிகளுக்கு அவரை நன்றாகத் தெரியும், ஆகஸ்ட் 27 அவருடைய திருநாள். 1,600 வருஷத்துக்கு முன் வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவில் வாழ்ந்த தாய். மகன் அகுஸ்தீன் படிப்பில் கெட்டி. 19 வயது வாக்கில் மானி என்கிற பாரசீகப் போதகரைப் பின்பற்றுகிற, திருச்சபை ஏற்காத கூட்டத்தில் சேர்ந்துவிட்டான். மோனிக்கா ஓர் ஆயரிடம் போய், "என் மகனோடு பேசி அவன் தப்பை எடுத்துச் சொல்லுங்கள்" என்று கெஞ்சினார். ஆயர் மறுத்துவிட்டார். சொன்னால் கேட்கிற நிலையில் அவன் இல்லை, அவன் போக்கில் விடு, அவனுக்காக ஜெபம் மட்டும் பண்ணு, படிக்கப் படிக்க அவனே தெரிந்துகொள்வான் என்றார். அந்த ஆயரே சிறுவயதில் அதே கூட்டத்தில் வளர்ந்து வெளியே வந்தவர்தான். மோனிக்கா நகரவில்லை, அழுதுகொண்டே நின்றார். கடைசியில் ஆயர் சலித்துப்போய், இவ்வளவு கண்ணீருக்குரிய பிள்ளை கெட்டுப்போக முடியாது, போய் வா என்று அனுப்பி வைத்தார்.

அப்புறம் நடந்ததுதான் உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. 383இல் மகன் ரோமுக்குக் கப்பலேறக் கிளம்பினான். போகாதே என்று கடற்கரையில் அவனைப் பிடித்துக்கொண்டார் அம்மா. நண்பனை வழியனுப்பத்தான் வந்தேன் என்று பொய் சொன்னான். அவர் பக்கத்துச் சிற்றாலயத்தில் தங்கி, அவன் போகக் கூடாது என்று இரவெல்லாம் ஜெபித்தார். விடிந்து பார்த்தால் கப்பல் இல்லை. ஒரு தாயின் ஜெபம் இதைவிடப் பச்சையாகத் தோற்றுப்போக முடியுமா? ஆனால் ரோமிலிருந்து மிலானுக்குப் போன இடத்தில்தான் அகுஸ்தீன் அம்புரோஸ் ஆயரின் பிரசங்கத்தைக் கேட்டார். 386இல் மனம் திரும்பினார், 387 ஈஸ்டரில் ஞானஸ்நானம் பெற்றார். அம்மா அன்றைக்குக் கேட்டதைக் கொடுக்காமல், எப்போதும் கேட்டுக்கொண்டிருந்ததைக் கடவுள் கொடுத்தார் என்று பின்னாளில் அகுஸ்தீனே எழுதிவைத்தார்.

உங்கள் மகனும் இப்படியே திரும்புவான், இத்தனை வருஷத்தில் திரும்புவான் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த யூடியூப் ஊழியருக்கும் எனக்கும் வித்தியாசமில்லை. ஆண்டவர் கேட்கிறார் என்பதை மட்டும் நம்பிச் சொல்கிறேன்.

மோனிக்காவுக்கு அந்த ஆயர் சொன்ன யோசனையை நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். வசனம் அனுப்புவதை நிறுத்துங்கள். அவனுக்கு அது வசனமாகப் போய்ச் சேரவில்லை, அம்மாவின் கண்டிப்பாகத்தான் போய்ச் சேருகிறது. "சாப்பிட்டியாப்பா" என்று மட்டும் கேளுங்கள். லீவுக்கு வந்தால் அவனுக்குப் பிடித்த மீன் குழம்பு வையுங்கள். குடி பற்றிக் கேள்விப்பட்டதை நேரில், தனியாக, ஒரே ஒரு தரம் கேளுங்கள். ஜெபிக்கும்போது போனை அடுத்த அறையில் வையுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடேயே ஜெபியுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13ஆம் சங்கீதம் கேட்கிறதே, அதையே சத்தமாகச் சொல்லுங்கள். சர்க்கரை இருந்தால் உபவாசத்துக்கு முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

என் அம்மாவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. பென்சிலில் பெயர், பக்கத்தில் ஜெபிக்கத் தொடங்கிய தேதி, பதில் வந்தால் ஒரு சின்னச் சிலுவைக் குறி. மூன்றாம் பக்கத்தில் என் தாய்மாமா பெயர். எழுத்து மங்க மங்க அதன் மேலேயே திரும்ப எழுதி, அந்த இடத்தில் காகிதம் பள்ளமாகிவிட்டது. குறி மட்டும் இல்லை. மாமா அம்மாவின் அடக்க ஆராதனைக்கு வந்து கடைசி பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அதற்குக் குறி போடலாமா என்று எனக்குத் தெரியவில்லை, நோட்டை அப்படியே வைத்திருக்கிறேன்.

உங்கள் மகனின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஒரு கார்டில் அனுப்புங்கள், என் நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்கிறேன்.