கடைசி ஆள் யார்?

அன்புள்ள ஐயா,

அக்டோபரில் நானும் மனைவியும் ஸ்பெயின் போகிறோம். பார்சிலோனாவில் நான்கு நாள், வலென்சியாவில் மூன்று நாள். நான் எல்லாம் சாப்பிடுவேன். அவள் சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டாள். "அங்கே எதை எடுத்தாலும் பன்றிக்கறி, பருப்புப்பொடி கட்டிக்கொண்டு போங்கள்" என்கிறார்கள் போய்வந்தவர்கள். நீங்கள் வலென்சியா சந்தையைப் பற்றி முன்பு ஆசையாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அறையெடுத்துத் தங்கும் எங்களுக்குச் சந்தையில் என்ன வேலை?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

பொடி கட்டிக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் சந்தையில்தான் உங்களுக்கு வேலையே இருக்கிறது. வேடிக்கை பார்க்காமல் காய் வாங்கப் போங்கள். அரைக்கிலோ தக்காளி வாங்கினாலும் போதும். முடிந்தால் சின்ன அடுப்படி உள்ள அறையாகப் பிடியுங்கள்.

வலென்சியாவின் மையச் சந்தையான மெர்காடோ சென்ட்ரல் 1928இல் திறந்த கட்டடம். இரும்பும் கண்ணாடியும் வண்ண ஓடுகளுமாக, உச்சியில் காற்றுத்திசை காட்டும் ஒரு கிளியோடு நிற்கும். முதல் நாள் ஒரு காய்க்கடை முன்னால் எனக்குத் தெரிந்தபடி வரிசையில் நின்றேன். அங்கே வரிசை என்று ஒன்று இல்லை. ஆளாளுக்கு ஒரு பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டி என் கையைத் தொட்டுச் சொல்லிக்கொடுத்தார்: வந்ததும் "கியேன் எஸ் எல் உல்த்திமோ?" என்று கேட்க வேண்டும். கடைசி ஆள் யார் என்று அர்த்தம். ஒருவர் கை தூக்குவார். அவருக்கு அடுத்து நாம். அப்புறம் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். மறுநாள் நான் கேட்டு ஒருவர் கை தூக்கியபோது, அந்த ஊரில் எனக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டதாகத் தோன்றியது.

இன்னொன்று, காயைத் தொடாதீர்கள். வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு. அங்கே கடைக்காரர்தான் எடுத்துத் தருவார். தக்காளி கேட்டேன். "இன்றைக்கா, நாளைக்கா?" என்றார் அந்த அம்மாள். சைகை காட்டிய பிறகுதான் புரிந்தது. இன்றைக்கு என்றதும், ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் லேசாக அழுத்தி, நன்றாகப் பழுத்த நாலை எடுத்துத் தந்தார். அறைக்கு வந்து ரொட்டியை வாட்டி, தக்காளியைப் பாதியாக அறுத்து அதன்மேல் தேய்த்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி உப்புத் தூவினேன். பார்சிலோனாக்காரர்களின் அன்றாடச் சாப்பாடு இது. உங்கள் மனைவிக்கு முதல் நாள் காலையிலேயே செய்துகொடுங்கள்.

உணவகத்தில் "சின் கார்னே", அதாவது கறி இல்லாமல், என்று மட்டும் சொன்னால் போதாது. பன்றித்தொடை ஹமோனையும் சூரை மீனையும் பலர் கறிக் கணக்கில் சேர்ப்பதில்லை. "நி ஹமோன், நி அத்தூன், நி உவேவோ" என்று ஒவ்வொன்றாக மறுக்கச் சொல்லுங்கள். கடைசிச் சொல் முட்டைக்கு. சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும் சேர்ந்த எஸ்கலிவாடா அவருக்குப் பிடிக்கும். பரிமாறும்போது மேலே மீன் வைத்துவிடுவார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அக்டோபரில் வலென்சியா சந்தையில் அடுப்பில் சுட்ட பரங்கிக்காய் விற்கும். அப்படியே வாங்கித் தின்னலாம்.

பயேயா என்ற அரிசிச் சாப்பாடு உங்களுக்கானது. வலென்சியாவின் அசல் பயேயாவில் கோழி, முயல், பட்டையான பச்சைப் பீன்ஸ், கர்ரோஃபோ என்ற பெரிய வெள்ளை மொச்சை, குங்குமப்பூ எல்லாம் சேரும். மிளகாய்க் காரம் இல்லை. அகன்ற தட்டில் அரிசியை மெல்லிய படலமாகப் பரப்பியபின் கிளறவே மாட்டார்கள். அடியில் பொன்னிறமாகக் காந்தல் பிடிக்கும். அதற்குச் சொக்கர்ராத் என்று பெயரே உண்டு, கரண்டியால் சுரண்டிப் போட்டிபோட்டுத் தின்பார்கள். வெண்கலப்பானையின் காந்தலுக்குச் சண்டை போட்டு வளர்ந்த எனக்கு அந்தச் சத்தம் கேட்டதுமே கண் கலங்கியது. உள்ளூர்க்காரர்கள் அதை மதியம்தான் சாப்பிடுகிறார்கள், அதுவும் இரண்டு மணிக்கு மேல். காய் மட்டும் போட்ட பயேயாவும் கிடைக்கும். எந்தச் சாற்றில் அரிசி வெந்தது என்று கேட்டுவிட்டு மனைவிக்கு வாங்குங்கள்.

வலென்சியாவிலிருந்து மெட்ரோ ஏறி, பக்கத்து ஊரான அல்போராயா போய் ஓர்ச்சாதா குடியுங்கள். நம் நாட்டு மருந்துக்கடைக் கோரைக்கிழங்குக்குப் பங்காளியான சூஃபா கிழங்கை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த குளிர்ந்த பால் அது. மாட்டுப்பால் ஒரு சொட்டும் கிடையாது.

பார்சிலோனாவின் பொக்கேரியா சந்தையில் கூட்டம் நெரியும். விடிந்ததும் போய்விடுங்கள், அல்லது அலையலையான வண்ணக் கூரை போட்ட சாந்தா கத்தரீனா சந்தைக்குப் போங்கள். எனக்கு அதுதான் பிடித்தது. வலென்சியாவின் மெர்காடோ சென்ட்ரல் மதியம் மூன்று மணிக்கு மூடிவிடும், ஞாயிறு விடுமுறை.

சரி, உங்கள் தேதி எது? அக்டோபர் 9 வலென்சியாவின் திருநாள். கணவன் மனைவிக்குப் பட்டுக் கைக்குட்டை ஒன்றைக் கொடுப்பான். அதற்குள் வாதுமையும் சர்க்கரையும் பிசைந்து செய்த குட்டிக் குட்டிப் பழங்களும் காய்களும் முடிந்திருக்கும். ரொட்டிக்கடைக் கண்ணாடிகளில் சில நாள் முன்பிருந்தே அடுக்கி வைத்திருப்பார்கள். முட்டை சேர்த்தார்களா என்று கேட்டுவிட்டு, ஒரு முடிச்சு வாங்கி அவர் கையில் கொடுங்கள்.