நீள ஸ்ட்ரோக்கா, அகல போரா? – வாசகர் கேள்வி பதில்

என்னிடம் புது ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. மைத்துனரிடம் 373 சிசி கேடிஎம் 390 டியூக். ‘நீள ஸ்ட்ரோக் எஞ்சினெல்லாம் அந்தக் காலத்துச் சரக்கு’ என்கிறார். ஆனால் சிறுமலை ஏறும்போது நான் நிதானமாக ஏறுகிறேன், அவர்தான் கியரைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே வருகிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், உசிலம்பட்டி

உங்கள் வண்டியின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 72 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம்) 85.8. அவருடையது 89, 60. சிசி கிட்டத்தட்ட ஒன்றுதான், குணம்தான் வேறு.

பிஸ்டனின் சராசரி வேகத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கிளாசிக் முழு பவரைத் தரும் 6,100 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்று) அது நொடிக்கு 17.4 மீட்டர். டியூக்குக்கு 9,000-இல் 18 மீட்டர். ஆக, இரண்டு பிஸ்டனும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் ஓடுகின்றன. உங்கள் எஞ்சினையும் 9,000 சுற்ற வைத்தால் 25 மீட்டரைத் தாண்டும். பிஸ்டனும் கனெக்டிங் ராடும் தாங்காது. குட்டை ஸ்ட்ரோக் வைப்பது இதற்காகத்தான். போர் அகலமானால் பெரிய வால்வும் வைக்கலாம்.

‘ஸ்ட்ரோக் நீளமென்றால் நெம்புகோல் நீளம், அதனால் இழுவை’ என்று பலர் சொல்வது பாதிதான் சரி. அதே சிசியில் நெம்புகோல் நீளும்போது பிஸ்டனின் பரப்பு சுருங்குகிறது. அந்த லாபம் அங்கேயே கழிந்துவிடும். குறைந்த ஆர்பிஎம்மில் உங்கள் வண்டி இழுப்பதற்கு அதற்கேற்ற கேம் டைமிங்கும் (வால்வுகள் திறந்து மூடும் நேரம்), சுழற்சியைத் தளராமல் காக்கும் கனமான ஃப்ளைவீலும்தான் காரணம்.

டியூக்குக்கோ ஆர்பிஎம் ஏறினால்தான் இழுவை. எனவே மைத்துனர் கொண்டை ஊசி வளைவில் மூன்றாவது கியரைப் பிடித்துக்கொண்டு வரக்கூடாது. வளைவுக்கு முன்பே இரண்டாவதுக்கு இறக்கி, 4,000-க்கு மேல் வைத்து ஏறினால் செயின் உதறாது. நீங்களும் ‘நம்ம வண்டி இழுக்கும்’ என்று ஐந்தாவது கியரிலேயே ஏற்றாதீர்கள். ‘டக் டக்’ என்று தட்டும் சத்தம் கேட்டால் அது பிஸ்டனுக்கு அடி. திருச்சி நான்குவழிச் சாலையில் நாள் முழுக்க 110-இல் போகிறவருக்கு டியூக். மலையும் ஊர்ப்பாதையுமாகப் போகிறவருக்கு உங்களுடையது.

சித்திரை வெயிலில் கோரிப்பாளையம் சிக்னலில் நின்றால் ரேடியேட்டர் ஃபேன் அனலைக் காலில் அடிக்கிறது. ஏர்கூல்டு வண்டியே தேவலையா?
– வாசகர், செல்லூர்

ஃபேன் ஓடுவது நல்லது. எஞ்சினின் சூட்டை அது வெளியே தள்ளுகிறது. ஏர்கூல்டு வண்டிக்குக் காற்றுதான் மருந்து. நின்றுவிட்டால் அதுவும் இல்லை. நெரிசலில் லிக்விட்கூல்டுதான் எஞ்சினுக்குப் பாதுகாப்பு. கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்தால் போர்வெல் தண்ணீர் மட்டும் ஊற்றவே ஊற்றாதீர்கள். நம் பக்கத்து உப்பு ரேடியேட்டரில் படிந்து அடைத்துவிடும். எஞ்சின் ஆறியபிறகு ரிசர்வ் டேங்கில் அளவுக்கோட்டைப் பார்த்து, கலந்து விற்கும் கூலன்டையே ஊற்றுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கை வெந்துவிடும்.

பழைய காஸ்ட் அயர்ன் புல்லட். டேப்பட் சத்தம் போக மெக்கானிக் இறுக்கினார். சத்தம் போய்விட்டது, ஆனால் சூடானபின் கிக் லேசாக இறங்குகிறது, ஸ்டார்ட் ஆவதில்லை.
– வாசகர், மேலூர்

வால்வைத் திறக்க உந்தும் டேப்பட்டை அளவுக்கு மேல் இறுக்கியிருக்கிறார். வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) கசிகிறது. இப்படியே ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு கருகும்.

ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சினில், காலையில் பாருங்கள். பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சிக்குக் கொண்டுவந்து, வலப்பக்க டேப்பட் மூடியைக் கழற்றுங்கள். டேப்பட்டின் மேல் நிற்கும் தள்ளுகம்பிகளான இரண்டு புஷ் ராடும் விரலால் உருட்டினால் தடையில்லாமல் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது. இதுதான் அளவு, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) வேண்டாம். லாக்நட்டை இறுக்கும்போது அளவு நகர்ந்துவிடும் என்பதால், இறுக்கியபின் மறுபடி உருட்டிப் பாருங்கள். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். டிகம்ப்ரஸர் (கிக் அடிக்கும்முன் கம்ப்ரஷனை வெளியேற்றும் அமைப்பு) கேபிளிலும் சிறிது தளர்வு இருக்கட்டும். அது இழுத்துக்கொண்டிருந்தாலும் இதே கோளாறு வரும்.

இந்த எஞ்சினில் லேசான டேப்பட் சத்தம் இருக்கத்தான் செய்யும். அதை அடக்கப் பார்க்காதீர்கள்.